மாத்திரை: அளவும் விழுங்கலும்



தொல்காப்பியம் கற்றோர்க்கு மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம், கைந்நொடிக்கும் நேரம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. மருந்துக்கும் அச்சொல்லையே வழங்குகிறோம். இரண்டிலும் உள்ளுறைவது 'அளவு' என்னும் பொருள். (யாழ்ப்பாணத்தார் 'குளிசை' என்பர். அது உருண்டை வடிவை நோக்கிய பெயர்.) அம்மாத்திரை விழுங்குவதற்கு எவ்வளவு எளிது என்பதை எதைக்கொண்டு அளப்பது?

புற அளவு எளிது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015இல், பொதுப்பெயர் மருந்துகளின் மாத்திரை எப்பக்கத்திலும் 22 மில்லிமீட்டரைத் தாண்டாதிருத்தல் நன்று எனப் பரிந்துரைத்தது. ஆனால் தொண்டை படும் பாட்டை விழுங்குபவரே அறிவார். ஆகவே அவரைக் கேட்கின்றனர். 100 மில்லிமீட்டர் கோடொன்று வரைந்து, ஒரு முனையில் 'மிக எளிது', மறுமுனையில் 'மிகக் கடினம்' என எழுதி, தம் நிலையைக் குறிக்கச் சொல்வர். பின்னர் அளவுகோலால் அளப்பர். விழுங்கற் குறைபாட்டை அறியும் பத்து வினாக்கள் கொண்ட படிவமும் உண்டு; அதில் ஒரு வினா மாத்திரையைப் பற்றியதே.

இங்கேதான் மொழி குறுக்கிடுகிறது. என் தாயார் இவ்வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். மருந்தகத்தில், "மாத்திரை விழுங்கச் சிரமமா?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றார். வீட்டிலோ அதைக் கரண்டியால் நசுக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். அது நீரிழிவுக்கான, மெல்லக் கரையும் மெட்ஃபார்மின். நசுக்கினால் நாள் முழுதும் பரவ வேண்டிய மருந்து ஒரேயடியாக உடலில் இறங்கும். "ஏம்மா, இறங்குதா?" என்று நான் கேட்டதும், "எங்கப்பா, நெஞ்சுக்கு மேலயே நிக்குது" என்றார். விடியுமுன் எழுந்து மரம் வெட்டியதே அவருக்குச் சிரமம். மாத்திரை அக்கணக்கில் சேராது. மருந்தாளுநரிடம் தெரிவித்த பின்பு மருந்தை மாற்றினார்கள்.

அடைக்கிறது, ஒட்டிக்கொள்கிறது, புரையேறுகிறது: இவை மூன்றும் ஒன்றல்ல. அடைப்பதற்குப் பெரும்பாலும் பருமன் காரணம். ஒட்டுவதற்கு நீர் போதாமை காரணம். புரையேறுவதோ மூச்சுக்குழலைத் தொட்ட செய்தி. 'யாரோ நினைக்கிறார்கள்' என்று அதைத் தள்ளிவிடுதல் தகாது. 'கடினம்' என்ற ஒற்றைச் சொல்லில் மூன்றும் கரைந்துபோகின்றன.

நாம் அண்ணாந்து நீர் அருந்திப் பழகியவர்கள். கூட்டு மாத்திரையோ நீரில் மிதப்பது. அண்ணாந்தால் அது பல்லருகே தங்கிவிடும். தலையைச் சற்று முன்குனிந்து விழுங்கினால் எளிதாக இறங்குவதை ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் 2014இல் காட்டினர்.

மாணவர்களே, உங்கள் வீட்டு முதியோரிடம் 'சிரமமா' என்று கேளாதீர்கள். மாத்திரை எவ்வாறு இறங்குகிறது என்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லை அப்படியே எழுதி வாருங்கள்.