வாயோரப் புண்ணும் நம்ம சாப்பாட்டுத் தட்டும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



என்னை ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. காசிமேட்டில் இறால் உரிக்கப் போகிறவள். எனக்கு வந்த ஒரு சின்ன நோவைப் பற்றியே சொல்லிவிடுகிறேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு வாயோரம் ரெண்டு பக்கமும் வெடித்து வெந்துபோச்சு. கொட்டாவி விட்டால் ரத்தம் கசியும். ஒரு வாய் மீன்குழம்புச் சோறு வைத்தால் கண்ணில் தண்ணி வந்துவிடும். "உடம்புச் சூடு"ன்னு சொன்னாங்க, மோர் குடித்தேன். சுண்ணாம்பு தடவச் சொன்னாங்க, தடவினேன். இருந்த தோலும் வெந்தது. காய்ந்து இழுக்குதேன்னு நாக்கால் நக்கிக்கிட்டே இருந்தேன், வெடிப்பு இன்னும் பெரிசாச்சு. குழுக் கூட்டத்தில்கூட முந்தானையால் வாயை மூடிக்கிட்டுத்தான் உட்கார்ந்திருப்பேன்.

எங்க குழு அக்கா ஒருத்தங்கதான் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனாங்க. நர்ஸம்மா வாயைப் பார்த்தாங்க, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாங்க. பிறகு, "நேத்து என்னம்மா சாப்பிட்டே?"ன்னு கேட்டாங்க.

காலையில் டீயும் பன்னும். மதியம் ரசச் சோறு. ராத்திரி எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சமிருந்த சோறு, குழம்பு. மீன்? பிள்ளைங்களுக்கு. முட்டை? வீட்டுக்காரருக்கு. சொல்லச் சொல்ல எனக்கே ஒரு மாதிரி ஆகிப்போச்சு. ரத்தம் எடுத்துப் பார்த்தால் அளவு 8. பொம்பளைக்கு 12-ஆவது இருக்கணுமாம்.

இது புது நோவும் இல்லை. 1930-களிலேயே நம்ம குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தில், ஆய்க்ராய்ட் என்ற டாக்டரும் அவரோடு இருந்தவங்களும் தென்னிந்தியப் பிள்ளைகளின் வாயோரப் புண்ணை ஆராய்ந்திருக்காங்க. பெரும்பாலும் அரிசிச் சோறே தின்ற பிள்ளைகளுக்கு ஆடை எடுத்த பால் கொடுத்தபோது புண் ஆறியது. பி2 வைட்டமின் குறைந்தால் வாயோரம் வெடிக்கும். இரும்புச்சத்து குறைந்தாலும் வெடிக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வெதுவெதுப்பான தண்ணியில் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்க. சாப்பிடும் முன்னும் படுக்கும் முன்னும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ மெல்லிசாகத் தடவுங்க. நாக்கால் நக்காதீங்க, பொருக்கைப் பிய்க்காதீங்க. சுண்ணாம்பு, பற்பசை வேண்டவே வேண்டாம். புண் இருக்கிறவரைக்கும் துண்டும் டம்ளரும் தனியாக இருக்கட்டும். பல்செட் போடுற பெரியம்மாக்கள் ராத்திரி அதைக் கழற்றிக் கழுவி வையுங்க.

ஆனால் எண்ணெய் எரிச்சலைத்தான் அடக்கும், குறையைத் தீர்க்காது. அதுக்கு முட்டை, பால், தயிர், கீரை, முடிந்தபோது ஈரல். முருங்கைக்கீரையோடு எலுமிச்சை சேர்த்துக்குங்க, இரும்புச்சத்து நல்லா ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்க.

ரெண்டு வாரத்தில் ஆறலைன்னா, சீழ் வைத்தால், வெள்ளையாகப் படிந்தால், அடிக்கடி வந்தால் தள்ளிப்போடாதீங்க. காளான் கிருமியாலும் வரும், அதுக்கு வேறு மருந்து. சர்க்கரை நோய் இருந்தாலும் இப்படிக் காட்டும். ரத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்குங்க.

எனக்கு இரும்புச்சத்து மாத்திரையும் வைட்டமின் மாத்திரையும் கொடுத்தாங்க. வாய் சில வாரத்தில் ஆறிப்போச்சு. ரத்தம் ஏற மாசக்கணக்காச்சு. வீட்டில் முட்டை வாங்கும்போது இப்ப எனக்கும் ஒண்ணு சேர்த்து வாங்குகிறேன். முதல் நாள் அதைத் தின்னும்போது, திருடித் தின்கிற மாதிரி இருந்தது. என் பொண்ணு பார்த்துக்கிட்டே இருந்தாள். நாளைக்கு அவளும் மிச்சச் சோறுதான் தின்னணும்னு என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளக் கூடாது இல்லையா?

தவணை ஒரு நாள் தவறினால் நம்ம குழு நோட்டில் உடனே எழுதுறோம். நம்ம தட்டில் தவறுறதை யாரும் எழுதுறதில்லை. எங்க குழுவில் இப்ப கூட்டம் ஆரம்பிக்கும் முன்னாடி, "இன்னைக்கு என்ன சாப்பிட்டே?"ன்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்கிறோம். உங்க குழுவிலும் கேளுங்க அக்கா.