இரும்பும் உடலும்: போட்டி வீரர்களின் வலிமைப் பயிற்சி

(மாவட்ட விளையாட்டு அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

1975-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்ற உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டியில் இந்தியா, பாகிஸ்தானை 2-1 என்ற கோல் கணக்கில் வென்று கோப்பையைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டே மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் அதே நாடு ஏழாவது இடத்திற்கு இறங்கிற்று. 1928 முதல் 1972 வரை ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் ஹாக்கிப் பதக்கம் பெற்றுவந்த நாடு முதன்முறையாக வெறுங்கையுடன் திரும்பியது. ஓராண்டுக்குள் வீரர்களின் கைத்திறன் மறைந்து போய்விடவில்லை. மாறியது தரை. ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஆடப்பெற்றது மான்ட்ரியாலில்தான்.

புல்தரை பந்தின் வேகத்தைத் தணிக்கும். ஆட்டக்காரர் மூச்சு விடவும், பந்தை மட்டையோடு அணைத்துக் கொண்டு எதிரியை ஏமாற்றவும் அது இடம் கொடுக்கும். செயற்கைத் தரையில் பந்து வேகம் குறையாமல் ஓடுகிறது. ஆட்டக்காரர் பாய்ந்து ஓட வேண்டும். சட்டென நிற்க வேண்டும். இடுப்பளவு குனிந்து பந்தை வாங்கி மறுபடியும் பாய வேண்டும். இதனை ஓர் ஆட்டத்தில் எத்தனையோ முறை செய்தாக வேண்டும். தொடை, இடுப்பு, முதுகு ஆகியவற்றின் வலிமையே இங்கு முதல் தேவையாகிறது. அன்றைய தோல்விக்குத் தரை ஒன்றே காரணமன்று. நிர்வாகக் குறைகளும் இருந்தன. எனினும், திறமைக்கு அடியில் உடல் வலிமை என்னும் அடித்தளம் இருக்க வேண்டும் என்ற பாடத்தை நமக்கு முதலில் கற்பித்தது அந்தத் தரையே எனலாம். 2021-இல் டோக்கியோவில் ஆண்கள் அணி வெண்கலம் வென்றபோதும், பெண்கள் அணி நான்காம் இடம் பெற்றபோதும், இரு அணிகளிலும் பயிற்சியாளருக்கு அருகில் உடற்தகுதிக்கென்றே ஓர் அறிவியல் ஆலோசகர் பணிபுரிந்தார். 1976-இல் அப்படியொரு பதவியை எவரும் நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்கள்.

உடல் வலிமைக்கு நம் நாட்டில் மரபு இல்லாமல் இல்லை. அகாடாவின் மண்தரையும், தண்டாலும் பஸ்கியும், கர்லாக்கட்டையும், கதாயுதமும், மல்லகம்பமும் எத்தனையோ தலைமுறை மல்லர்களை உருவாக்கியவை. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்ற காஷாபா ஜாதவ் அந்த மரபின் பிள்ளையே. அகாடாவின் ஒழுங்கு, குருவின் நேரடிக் கண்காணிப்பு, உணவில் காட்டும் அக்கறை ஆகிய மூன்றும் இன்றைய குளிரூட்டப்பட்ட கூடங்கள் பலவற்றில் காணக் கிடைக்காதவை. ஆயினும் அம்முறையில் ஒரு குறை உண்டு. நூறு பஸ்கி போடுபவர் ஐந்நூறு போடப் பழகினால் அவருடைய தாங்குதிறன் பெருகுமே தவிர, வலிமை அதே அளவில் பெருகுவதில்லை. வலிமை பெருக எண்ணிக்கையைவிடச் சுமை கூட வேண்டும்.

இதனைக் கணக்கோடு நிறுவியவர்களுள் அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம் குறிப்பிடத்தக்கவர். போரில் காயமுற்ற வீரர்களின் மெலிந்த கால்களை மீட்க, இலேசான பயிற்சியைப் பலமுறை செய்யும் அன்றைய வழக்கத்தை விட்டு, கனமான எடையைச் சில முறை மட்டும் தூக்கச் செய்து, உடல் பழகப் பழக எடையைக் கூட்டினார். 1945-இல் அவர் இம்முறையை வெளியிட்டார். கன்றுக்குட்டியை நாள்தோறும் தூக்கி, அது காளையான பின்னும் தூக்கிய கிரேக்க மல்லன் மைலோவின் கதையும் இதையே சொல்கிறது. மருத்துவர் அதற்கு அளவுகோல் கொடுத்தார்.

இன்றைய முறையின் சாரம் கடினமானதன்று. ஒருவர் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடை 100 கிலோ என்று கொள்வோம். வலிமையைக் கூட்ட விரும்பினால் அவர் 85 கிலோவும் அதற்கு மேலும் எடுத்து, ஒரு சுற்றுக்கு ஐந்தாறு முறைக்கு மேற்படாமல் தூக்கி, சுற்றுகளுக்கு இடையே சில நிமிடங்கள் ஓய்வு கொள்ள வேண்டும். தசையின் பருமனைப் பெருக்க வேண்டுமாயின் எடையைச் சற்றுக் குறைத்து ஆறு முதல் பன்னிரண்டு முறை வரை தூக்கலாம். தொடக்க வாரங்களில் வலிமை கூடுவது பெரும்பாலும் தசை வளர்வதால் அன்று. இருக்கும் தசையை ஒருங்கே இயக்க நரம்புகள் கற்றுக்கொள்வதால். கண்ணாடியின் முன் நின்று புயத்தை அளப்பவர்களுக்கு இந்த வளர்ச்சி தெரியாது. அவர்கள் பொறுமையிழந்து எடையை அவசரமாக ஏற்றுவதும் முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்புவதும் இந்தக் கட்டத்தில்தான்.

பயிற்சியின்போது உடல் வலுப்பெறுவதில்லை, களைப்படைகிறது. வலுப்பெறுவது அதற்குப் பின்வரும் உறக்கத்திலும் உணவிலுந்தான். ஒரே தசைத் தொகுதிக்குக் கடும் பயிற்சி கொடுத்தால் மறுமுறைக்கு முன் ஏறத்தாழ 48 மணி நேர இடைவெளி வேண்டும் என்பது பொதுவான விதி. ஆண்டு முழுவதையும் பருவங்களாகப் பகுத்து, போட்டி தொலைவில் இருக்கையில் அடித்தளம் அமைத்து, நெருங்க நெருங்கப் பயிற்சியின் அளவைக் குறைத்துக் கூர்மையைக் கூட்டும் முறையைச் சோவியத் நாட்டு மட்வேயெவ் 1960-களில் நூல்வடிவில் வகுத்தார். நம் மாவட்டங்களிலோ இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி வாளாவிருந்துவிட்டு, மாநிலத் தேர்வுக்குப் பதினைந்து நாட்கள் இருக்கையில் முகாம் கூட்டி, காலையும் மாலையும் பிள்ளைகளைப் பிழிந்தெடுக்கிறோம். தேர்வன்று அவர்கள் களைத்த கால்களோடு ஓடுகிறார்கள்.

மீராபாய் சானுவின் வரலாறு இவ்வகையில் ஆராயத்தக்கது. மணிப்பூரின் நொங்போக் காக்சிங் கிராமத்தில் பிறந்து, சிறுவயதில் விறகு சுமந்த இப்பெண், மணல் லாரிகளில் இடம் கேட்டு ஏறி இம்பாலிலுள்ள பயிற்சிக் கூடத்திற்குச் சென்றவர். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் ‘கிளீன் அண்டு ஜெர்க்’ பிரிவின் மூன்று முயற்சிகளும் தவறி, மொத்த எடையே பதிவாகாமல் வெளியேறினார். மறு ஆண்டு 194 கிலோ தூக்கி உலகச் சாம்பியனானார். 2018-இல் முதுகு வலியால் ஆசிய விளையாட்டுப் போட்டியை இழந்தார். இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவரைத் தடுத்தது வலிமைக் குறைவு அன்று. உடலின் இரு பக்கங்களும் சமமாக இயங்காமை. 2020-ஆம் ஆண்டு இறுதியில் அரசுச் செலவில் அமெரிக்கா சென்று, தோள், முதுகு ஆகியவற்றின் ஏற்றத்தாழ்வைச் சிறப்புப் பயிற்சிகளால் சரி செய்துகொண்டார். 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் ‘கிளீன் அண்டு ஜெர்க்’ பிரிவில் 119 கிலோ தூக்கி உலகச் சாதனை படைத்தார். ஜூலை 24 அன்று டோக்கியோவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். அவருடைய எடை 49 கிலோ பிரிவுக்குள் அடங்கியது.

இந்தக் கதையை மன உறுதியின் வெற்றி என்று மட்டும் கூறிப் பாராட்டிவிடுவது எளிது. மன உறுதி ரியோவிலும் இருந்தது. பின்னர் சேர்ந்தது, வலி எங்கிருந்து வருகிறது என்று கண்டறியும் கண். அந்தக் கண்ணைத் தேடி உலகின் மறுபக்கம் செல்ல உலகச் சாம்பியனுக்கு வழி பிறந்தது. மாவட்டக் கூடத்தில் பயிலும் பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அந்த வழி இல்லை. அவளுக்கு வலி வந்தால் சில நாள் எண்ணெய் தேய்த்துப் பார்க்கிறார்கள். பிறகு அவள் வருவதில்லை. பதிவேட்டில் அவள் பெயர் அடிக்கப்படுகிறது. நாடு இழந்தது என்ன என்று எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

கூடத்தை அமைக்கும் அதிகாரிகள் அறிய வேண்டிய சிறு விவரம் ஒன்று. பளுதூக்குதலில் ஆண்களுக்கான பார் 20 கிலோ. பெண்களுக்கானது 15 கிலோ. அதன் கனமும் குறைவு, ஆகவே சிறு கைகளுக்குப் பிடிபடும். ஆண்களுக்கான பாரை மட்டும் வாங்கிவிட்டால், வெறும் பாரே புதிதாக வரும் சிறுமிக்கு மிகைச் சுமையாகிவிடும். அவள் முதலில் ஏந்த வேண்டியது மரக்கோல்தான். அதைக் கொள்முதல் பட்டியலில் சேர்க்க எவருக்கும் தோன்றுவதில்லை.

வலிமைப் பயிற்சி பளுதூக்குவோருக்கும் மல்லர்களுக்கும் மட்டும் உரியது என்பதும், சிறுவயதில் செய்தால் வளர்ச்சி குன்றும் என்பதும் இன்னும் பரவலாக நிலவும் எண்ணங்கள். முறையான கண்காணிப்பில் செய்யப்பெறும் பயிற்சி வளர்ச்சியைக் குன்றச் செய்வதில்லை. காயம் தடுப்பதில் அதன் பயனோ பெரிது. முழங்காலின் சிலுவை நார் அறுவது கால்பந்து போன்ற ஆட்டங்களில் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் நேர்கிறது. தாவி இறங்கும் முறையையும் தொடை வலிமையையும் பழக்குவதால் அந்த அபாயம் குறைகிறது. முழந்தாளிட்டு, கணுக்காலைத் துணைவர் பிடித்துக்கொள்ள, உடலை மெல்ல முன்சாய்க்கும் ‘நார்டிக்’ பயிற்சி, கால்பந்து வீரர்களின் பின்தொடைத் தசைக் காயங்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இதற்குத் தேவையானது ஒரு பாயும் ஒரு துணைவரும்.

அடுத்து உணவு. சாதாரண வயதுவந்தவருக்கு நாளொன்றுக்கு உடல் எடையின் கிலோ ஒன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதுமென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறுகிறது. கடும் பயிற்சி செய்பவருக்கு அதன் இருமடங்கு வரை தேவைப்படலாம். ஐம்பது கிலோ எடையுள்ள வீராங்கனைக்கு இது சுமார் 80 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம் என்றால், மீதிக் கணக்கை அவள் வீட்டுச் சமையலறையில்தான் போட்டுப் பார்க்க வேண்டும். மேலும், 2019-21-இல் எடுக்கப்பெற்ற தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 19 வயது வரையுள்ள நம் பெண்களில் 59.1 சதவிகிதத்தினர் இரத்தசோகை உடையவர்கள். கூடத்தில் இருக்கும் இரும்பைப் பற்றி நீண்ட கோப்புகள் நடமாடுகின்றன. அதைத் தூக்க வரும் பிள்ளையின் இரத்தத்தில் உள்ள இரும்பை அளக்க ஓர் எளிய பரிசோதனை போதும், அதற்குக் கோப்பு இல்லை. இரத்தசோகை உள்ளவளைக் கடும் பயிற்சியில் ஈடுபடுத்திவிட்டு அவளுக்கு ஊக்கம் இல்லை என்று குறை கூறுவது அநீதி.

கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வு பெற்றவர்க்கு ஆண்டுக்கு 6.28 லட்சம் ரூபாய் அளவில் உதவி வகுக்கப்பட்டது, அதில் 1.20 லட்சம் கைச்செலவுக்கு. உணவும் பயிற்சியும் உறைவிடமும் மற்றதில் அடங்கும். இது வரவேற்கத்தக்க ஏற்பாடு. ஆனால் தேர்வு பெறுவதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகள் குடும்பத்தின் தோளிலேயே விழுகின்றன. அந்த இடைவெளியில் உதிர்பவர்களே மிகுதி.

பொருளாதார நோக்கில் பார்த்தால் இது மூலதனச் செலவுக்கும் நடைமுறைச் செலவுக்கும் இடையிலான பழைய பிணக்கு. கூடம் கட்டலாம், திறப்பு விழா நடத்தலாம், கல்வெட்டுப் பதிக்கலாம். பயிற்றுநரின் மாதச் சம்பளத்துக்கும், மாலைதோறும் வழங்கும் பாலுக்கும், வாரம் ஒருமுறை வரும் இயன்முறை மருத்துவரின் கட்டணத்துக்கும் கல்வெட்டு இல்லை. பாசனக் கால்வாயை வெட்டிவிட்டுத் தூர்வார மறந்ததன் விளைவை நாடு அறியும். 1961-இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டுக் கல்வி நிலையம் தொடங்கப்பெற்றபோது முதற்பணியாகக் கொள்ளப்பட்டது பயிற்றுநர்களை உருவாக்குவதே. எந்திரத்துக்கு முன் மனிதர் என்ற அந்த வரிசைமுறை சரியானது.

பயிற்றுநர் இல்லாத இடத்தை வேறொருவர் நிரப்புகிறார். மருந்துப் புட்டியோடு வருபவர் அவர். முறையான பயிற்சி இரண்டாண்டில் தருவதை இரண்டு மாதத்தில் தருவதாக அவர் சொல்வார். 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இரண்டு இந்தியப் பளுதூக்கும் வீராங்கனைகள் ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கினர். 2005-இல் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை அமைந்தது. 2022-இல் அதற்கெனத் தனிச் சட்டமும் வந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு பதக்கம் அரசு வேலையாக, ஒரு குடும்பத்தின் வாழ்வாக மாறக்கூடிய நாட்டில் அந்தப் புட்டியின் கவர்ச்சியைச் சட்டம் மட்டும் தடுத்துவிடாது. நாள்தோறும் அருகில் நிற்கும் நல்ல பயிற்றுநர் அதனைப் பெரிதும் தடுக்க இயலும்.

ஆகவே, ஆய்வுக்குச் செல்லும் அலுவலர்கள் எந்திரங்களை எண்ணுவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கேட்பது நலம். ஒவ்வொரு வீரரும் எந்த நாளில் எவ்வளவு எடையை எத்தனை முறை தூக்கினார், எங்கே வலித்தது, எத்தனை மணி நேரம் உறங்கினார் என்று எழுதப்பட்ட நோட்டு அது. அது இருந்தால் கூடம் நடக்கிறது. இல்லையெனில், அங்கே நிற்கும் கடைசிப் பிள்ளையை அழைத்து, சென்ற செவ்வாய்க்கிழமை என்ன தூக்கினாய், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு, அந்தப் பதிலை ஆய்வறிக்கையின் முதல் பத்தியில் எழுதலாம்.