சாதி தெரிகிறது, ஆள் தெரியவில்லை

(பாளையங்கோட்டையில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



வரும் வழியில் வண்ணார்பேட்டையில் ஒரு பைக் எனக்கு முன்னால் நின்றது. பின்பக்க நம்பர் பிளேட்டில் பாதிக்கு மேல் ஒரு தலைவர் படம். அதன் கீழே கொட்டை எழுத்தில் சாதிப் பட்டம். டிஎன் 72 என்பது மட்டும் ஓரத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு. உங்களில் யாருக்கும் இது புதிதல்ல. பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது.

சட்டம் இதை அனுமதிக்கவில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 50, 51 ஆகிய இரண்டையும் படித்துப் பாருங்கள். இருசக்கர வண்டியின் பின் பிளேட்டில் எழுத்து 35 மில்லிமீட்டர் உயரம், எண் 40 மில்லிமீட்டர் உயரம், கோட்டின் தடிமன் 7 மில்லிமீட்டர் என்று அளந்தே எழுதியிருக்கிறார்கள். காருக்கு 65. எழுத்து ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். (தமிழ்ப் பற்றில் தமிழில் எழுதிய தோழர் ஒருவரும் இதே விதியில் அபராதம் கட்டினார். இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்.) 2019 ஏப்ரல் 1 முதல் வந்த புதிய வண்டிகளுக்கு அசோகச் சக்கர ஹாலோகிராம் பதித்த உயர் பாதுகாப்பு பிளேட் கட்டாயம். அதையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, கடையில் வேறு ஒன்று அடித்து மாட்டுகிறார்கள்.

பிடித்தால் என்ன ஆகும்? மோட்டார் வாகனச் சட்டம் 177-ஆம் பிரிவு. முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1500. 2019 திருத்தத்துக்கு முன் 100, 300 என்று இருந்தது. தனியாகத் தண்டனை சொல்லப்படாத தவறுகளுக்கான பொதுப் பிரிவு அது. சாதி என்ற சொல்லே அதில் இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு இது எழுத்தின் அளவில் வந்த பிழை, அவ்வளவுதான்.

அந்த 40 மில்லிமீட்டர் யாருக்காக? வண்டி ஓட்டுகிறவருக்குத் தன் நம்பர் தெரியும். எதிரே நிற்பவருக்காகத்தான் அந்த அளவு.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது நடந்தது இது. தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். கோயில் கொடை முடிந்த இரவு, எங்கள் தெருமுனையில் நின்ற என் சித்தப்பாவை இரண்டு பைக்கில் வந்த நான்கு பேர் அடித்துவிட்டுப் போனார்கள். ஸ்டேஷனில் கேட்ட முதல் கேள்வி, "வண்டி நம்பர் என்னவே?" சித்தப்பா சொன்னார்: "நம்பர் தெரியல சார். படம் இருந்துச்சு." எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டார். அந்தப் படம் போட்ட வண்டி அந்த வட்டாரத்தில் நூறாவது இருக்கும். கடைசியில் "அடையாளம் தெரியாத நபர்கள்" என்று எழுதினார்கள். என்ன சாதி என்று ஊருக்கே தெரிகிறது, யார் என்று மட்டும் தெரியவில்லை. அடித்தவர் யாரென்றே இல்லாதபோது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைச் சேர்க்கச் சொல்லி எங்களால் வாதாடக்கூட முடியவில்லை. சித்தப்பாவுக்கு இன்றும் இடது கை முழுதாக மடங்காது.

வண்டியில் எழுதிய பெயருக்காகத் தென்மாவட்டங்கள் எரிந்ததை நீங்கள் மறந்திருக்கலாம், உங்கள் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். 1997-இல் விருதுநகரில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் அரசுப் போக்குவரத்துக் கழகம் வந்தது. ஒரு தலித் வீரனின் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரம், உயிரிழப்பு. அரசு என்ன செய்தது? எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி மாவட்டம் ஆனது அப்போதுதான். ஏற மறுத்தவர்களுக்கும் பெயர் கேட்டவர்களுக்கும் ஒரே தீர்ப்பு.

அதனால்தான் சமமான தடை என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம் வருகிறது. 2025 செப்டம்பரில் அலகாபாத் உயர் நீதிமன்றம், வண்டிகளில் சாதிப் பெயர், சாதி முழக்கம் கூடாது என்று மோட்டார் வாகன விதிகளிலேயே திருத்தம் வேண்டும் என்றது. வரவேற்கிறேன். ஆனால் உத்தரப் பிரதேச அரசு அதையொட்டிப் போட்ட ஆணை சாதிப் பேரணிகளையும் சேர்த்துத் தடுத்தது. சாதிப் பெருமைக்குக் கூடுகிறவர்களையும் சாதிக் கொடுமைக்கு எதிராகக் கூடுகிறவர்களையும் ஒரே கோட்டில் நிறுத்த அது போதும்.

இங்கே, 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, கைக்கயிறு, மோதிரம் மட்டுமல்ல, சாதி அடையாளம் தீட்டிய சைக்கிளில் மாணவர்கள் பள்ளிக்கு வரக் கூடாது என்றும் 2024 ஜூனில் பரிந்துரைத்தது. பையனின் சைக்கிள் வரை நீதிபதி பார்த்திருக்கிறார். அந்தப் பையனை டியூஷனுக்குக் கூட்டிப் போகும் அப்பாவின் பைக்கை யார் பார்ப்பது? 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ், வண்டிகளில் பிரஸ், போலீஸ், வழக்கறிஞர் என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களுக்கு இதே 500 ரூபாயைப் போட்டது. விதி கையில்தான் இருக்கிறது.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும், கோபப்படாதீர்கள். நம் பையன்களின் நம்பர் பிளேட்டிலும் அம்பேத்கர் படம் இருக்கிறது. அண்ணலும் அவர்களும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லை. படத்தை டேங்கில் ஒட்டுங்கள், நெஞ்சில் குத்துங்கள், அதற்காக நானும் சண்டைக்கு வருகிறேன். ஆனால் எண் இருக்க வேண்டிய இடத்தில் வேண்டாம். எதிராளியின் நம்பர் தெரிய வேண்டும் என்று கேட்கிற நாம் நம்முடையதைக் காட்ட வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி பைக்கில் இருந்ததைக் கழற்றினோம். ஸ்குரூ துருப்பிடித்து வர மறுத்தது, அரை மணி நேரம் ஆனது. பழைய பிளேட் பரணில் இருந்தது. அதைத் துடைத்து மாட்டிவிட்டு, சித்தப்பாவைக் கூப்பிட்டுப் பத்தடி தள்ளி நிறுத்திப் படிக்கச் சொன்னேன். கண்ணாடி இல்லாமலே படித்துவிட்டார்.