முத்திரை மட்டும் போதாது, எண்ணையும் பாருங்க!



ஹெல்மெட் வாங்கப் போறோம். “ஐ.எஸ்.ஐ. தானே?”ன்னு கேட்கிறோம். கடைக்காரர் ஸ்டிக்கரைக் காட்டுறார். உடனே வாங்கிட்டு வந்துடறோம். ஆனா, அந்த முத்திரையைப் போலியா அச்சடிச்சு ஒட்டுறவங்களும் இருக்காங்க. அதனால முத்திரையோட சேர்த்து எண்களையும் பாருங்க.

முத்திரைக்கு மேலே இருப்பது தர எண். ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ். 4151, பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ். 2347. கீழே ‘சி.எம்./எல்’ எனத் தொடங்குவது, தயாரிப்பாளருக்கு இந்திய தர நிர்ணய அமைவனம், அதாவது பி.ஐ.எஸ்., வழங்கிய உரிம எண்.

தொழில் துறையினர், அரசுத் துறையினர், ஆய்வக வல்லுநர்கள், நுகர்வோர் பிரதிநிதிகள் எல்லாரும் குழுவாக உட்கார்ந்து பேசித்தான் ஒவ்வொரு தரத்தையும் வகுக்கிறாங்க. ஹெல்மெட் அடியைத் தாங்குதா, தாடைப் பட்டை இழுத்தாலும் நிற்குதா என்றெல்லாம் சோதிக்கணும்னு அந்தத் தரம் சொல்லுது. போலி ஹெல்மெட்டுக்கு இந்தச் சோதனை எதுவும் நடந்திருக்காது. கீழே விழும்போதுதான் அது தெரியவரும்.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியைப் பதிவிறக்கி, உரிம எண்ணைப் போடுங்க. நிறுவனத்தின் பெயர், முகவரி, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்ற விவரம் வரும். கையில் இருக்கிற பொருளோட பொருந்தலையா? வாங்காதீங்க. அதே செயலியில் புகாரும் தரலாம்.

தங்க நகைக்கும் இதே வழிதான். அதில் பொறித்திருக்கும் ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. குறியீட்டைப் போட்டுப் பாருங்க.

பில் போடும் முன்னாடி ஒரு நிமிஷம் ஒதுக்குங்க. பில்லையும் மறக்காம வாங்கி வைங்க. புகார் கொடுக்க நேர்ந்தால் அதுதான் உங்க ஆதாரம்.