யந்திரம் தட்டுவதேன்?

(விருத்தாசலத்தில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களிடையே இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



சங்கத்தில் கடன் பெற்று யந்திரம் வாங்குவோர் பலர். அது எழுப்பும் சத்தத்தைக் கவனிப்போர் சிலரே. தவணை தீருமுன் யந்திரம் தீர்ந்துவிட்டால், நஷ்டம் வாங்கியவருக்கும், ஜாமீன் நின்றவருக்கும், சங்கத்துக்கும் பொதுவாகும். ஆகையால் பெட்ரோல் யந்திரங்களில் உண்டாகும் 'தட்டல்' குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். ஆதிகாலத்து மோட்டார் வண்டியைக் கொண்டு இதை விளக்குதல் சுலபம்.

சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து அமுக்கப்படுகின்றன. ஸ்பார்க் பிளக்கின் பொறியிலிருந்து நெருப்பு ஒழுங்காகப் பரவினால் பிஸ்டன் சீராகத் தள்ளப்படும். நெருப்பு எட்டுமுன்னரே மீதிக் கலவை தானே ஒருமிக்க வெடித்தால், சம்மட்டியால் அடித்தாற்போல் ஓசை எழும். அதுவே தட்டல். நீடித்தால் பிஸ்டனே பழுதாகும்.

1908 முதல் 1927 வரை செய்யப்பட்ட போர்டு 'டி' மாடல் வண்டியில், பொறி விழும் நேரத்தை மாற்றும் கைப்பிடி ஸ்டீரிங் சக்கரத்தின் கீழ் இருந்தது. மேட்டில் ஏறுகையில் தட்டினால் ஓட்டுபவர் பொறியைச் சற்றுத் தாமதப்படுத்துவார். சத்தம் அடங்கினால் குற்றம் எரிதலில் உள்ளது. அடங்காவிடில் தேய்ந்த பேரிங்கைச் சந்தேகித்து யந்திரத்தை நிறுத்துவார். இக்காலத்து வண்டிகளில் பொறியின் நேரத்தை மின்கருவியே கவனித்துக்கொள்கிறது.

எரிதலில் குற்றமெனில் பார்க்கவேண்டியவை நான்கு. முதலாவது, தண்ணீர் குறைந்து யந்திரம் சூடேறுதல். இரண்டாவது, காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவை. மூன்றாவது, சிலிண்டர் தலையில் படிந்த கரி; இது இடத்தைக் குறுக்கி அழுத்தத்தை மிகுவிப்பதால் சுரண்டி எடுக்கவேண்டும். நான்காவது, பெட்ரோலில் மண்ணெண்ணெய்க் கலப்பு. மண்ணெண்ணெய் எளிதில் தானே வெடிக்கும். மலிவென்று அதைக் கலப்பவர், மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கை ரிப்பேருக்குக் கொடுப்பர்.

பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். அதன் வெண்மையான பாகம் பீங்கான். சூளையின் சூட்டைப் பாண்டத்தில் கண்டறியும் இவ்வூராருக்கு அதன் பாஷை புதிதன்று. முனை இளம்பழுப்பாயிருந்தால் நலம். புகைக்கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் சூடு மிஞ்சிவிட்டது.

1921-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பார், ஓர் ஈயச் சேர்க்கையைப் பெட்ரோலில் சிறிது கலந்தால் தட்டல் நிற்குமெனக் கண்டார். 1924-ல் அதைத் தயாரித்த தொழிலாளர் சிலர் விஷமேறி மாண்டனர். ஆயினும் பல்லாண்டுகள் உலகெங்கும் அப்பெட்ரோலே எரிந்தது. புகையிலிருந்த ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுத்தது. நம் நாட்டில் வண்டிகளுக்கு அது 2000-ல் நிறுத்தப்பட்டது. கடைசி நாடாகிய அல்ஜீரியாவில் 2021-ல் ஒழிந்தது. ஓசை அடங்கியதால் தீங்கு அடங்கிவிடவில்லை என்பதற்கு இதனினும் பெரிய சாட்சி வேண்டுவதில்லை.

ஆகவே, பழைய யந்திரத்துக்குக் கடன் மனு வந்தால், நிர்வாக சபையார் அதைச் சுமையோடு ஓடவிட்டுக் காதால் கேட்டபின் கையெழுத்திடுவார்களாக. முன்னமே கடன் பெற்றவர்களும், தட்டல் கேட்ட அன்றே காரணத்தைத் தேடுவார்களாக.