கிருமியைக் காட்டும் ஒளி



சாதாரண இருமல்தானே என்று வாளாவிருந்தால், காசநோய் வீடு முழுவதும் பரவிவிடும். சளியிலுள்ள அக்கிருமியின் மரபணுவைப் பெருக்கி, ஒளிரச் செய்து கண்டறியும் ட்ரூநாட் கருவி நம் நாட்டிலேயே உருவாயிற்று. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அதனைப் பரிந்துரைத்தது. மின்கலத்தால் இயங்குவதால் சிற்றூர்களுக்கும் ஏற்றது.

மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு நானோமீட்டர் ஆகும். சில நானோமீட்டரே அளவுள்ள ஒளிரும் துகள்களைக் கொண்டு, புற்றுநோய் தொடர்பான நுண் ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளையும் கண்டறிய ஆய்வுகள் நடைபெறுகின்றன.

எனினும், சோதனைக்கு வாராதவருக்கு எந்த ஒளியும் வழி காட்டாது. இரு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால், தயங்காது அரசு சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். காசநோய்க்கு அங்கே சோதனையும் மருந்தும் இலவசம்.