வாடை வருதுன்னு தண்ணியைக் குறைக்காதீங்க

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் பர்சனல்.

புற்றுநோயால் என் அப்பாவுக்குச் சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டார்கள். சிறுகுடலில் ஒரு சின்னத் துண்டைப் பிரித்து, சிறுநீர்க் குழாய்களை அதில் இணைத்து, அதன் நுனியை வயிற்றின் வலது பக்கம் வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். அதுதான் ஸ்டோமா. அடக்கிவைக்க முடியாது, சிறுநீர் வந்துகொண்டே இருக்கும். அதன்மேல் ஒட்டுவதுதான் யூரோஸ்டமி பை.

சித்தி பொண்ணு கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அப்பா தண்ணி குடிக்கிறதையே குறைச்சிட்டார். ஏன்னு கேட்டா, "குடிச்சா பை நிறையும், வாடை வரும். நீங்கள்லாம் போயிட்டு வாங்க"ன்னார். பக்கத்துல உட்கார்றவங்க மூக்கைப் பொத்திக்குவாங்களோன்னு பயம்.

அன்னைக்கே ஸ்டோமா நர்ஸுக்கு போன் போட்டேன். அவங்க சொன்னது நேர் எதிர். தண்ணி குறைஞ்சா சிறுநீர் அடர்த்தியாகும், வாடை அதிகமாகும், தொற்று வரவும் வாய்ப்பு கூடும். இதயம், சிறுநீரகப் பிரச்சினைக்காக டாக்டர் அளவு சொல்லியிருந்தால் தவிர, நாளுக்கு 2 லிட்டராவது குடிக்கணும்.

அடுத்த விஷயம். நல்ல பையோட பிளாஸ்டிக் வாடையை வெளியே விடாது. காலி பண்ணும்போது வர்றது சகஜம். மத்த நேரத்துல வந்தா எங்கேயோ கசிவு இருக்கு, இல்லேன்னா குழாய் முனையை டிஷ்யூவால துடைக்காம மூடியிருக்கோம்.

எங்க வீட்ல சிக்கல் கசிவுதான். பை விலை அதிகம்னு அப்பா ஒரு வாரம் வரை ஓட்டப் பார்ப்பார். சென்னை வெயில்ல, வேர்வையில அஞ்சாவது நாளே ஓரம் விட்டுடும். கசிவு தோலைப் புண்ணாக்கும், புண்ணான தோலில் அடுத்த பை ஒட்டாது. அதனால் இப்போ நாலாவது நாள் காலையில மாத்திடுறோம், கசிவுக்காகக் காத்திருப்பதில்லை. சிலருக்கு மூணு நாள், சிலருக்கு ஏழு நாள்கூட வரும். உங்க நாளை நீங்கதான் கண்டுபிடிக்கணும்.

மாத்தும்போது கவனிக்க வேண்டியவை:

காலையில் எதுவும் குடிக்கும் முன் மாத்துங்க, அப்போ சிறுநீர் வரத்து குறைவு. வெறும் தண்ணியால் கழுவி, தோலை நல்லா காய விடுங்க. எண்ணெய், பவுடர், மாய்ஸ்சரைசிங் சோப் வேண்டாம், ஒட்டாது. ஓட்டையை ஸ்டோமாவைவிட 2, 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிசா வெட்டுங்க. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சில வாரங்களில் ஸ்டோமா சுருங்கும், திரும்பத் திரும்ப அளந்து பாருங்க. ஒட்டியதும் உள்ளங்கையை ஓரிரு நிமிஷம் அழுத்தி வையுங்க, சூட்டில் பசை பிடிக்கும்.

பை பாதி நிறையும் முன்னாடியே காலி பண்ணுங்க. கனம் கூடினா தட்டை இழுக்கும். ராத்திரி பெரிய பையோட இணைச்சுட்டா தூக்கம் கெடாது.

சிறுநீரில் வெள்ளையா சளி மாதிரி தெரிஞ்சா பயப்படாதீங்க, குடல் துண்டு அதைச் சுரக்கும். ஆனா திடீர்னு கடும் வாடையோட காய்ச்சல், குளிர், இடுப்புக்கு மேலே முதுகு வலி வந்தா அன்னைக்கே டாக்டரைப் பாருங்க.

கல்யாணத்துக்கு அப்பா வந்தார். அன்னைக்குக் காலையில புதுப் பை. மண்டபத்துல மூணு தடவை பாத்ரூம் போனார். மாற்று செட் என் ஹேண்ட்பேக்ல இருந்தது, தேவைப்படலை. முதல் பந்தியில சித்தப்பா பக்கத்துல உட்கார்ந்தவர், இன்னொரு டம்ளர் தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சார்.

உங்க வீட்லயும் யாராவது தண்ணியைக் குறைச்சிட்டு இருந்தா, இதை அவங்களுக்குப் போட்டுக் காட்டுங்க. அடுத்த வாரம் பேசலாம்.